துணை நின்ற பெருநடிகர் டி. எஸ். பாலையா

நாடகமாயினும் திரைப்படமாயினும் கதைத் தலைவன் மீதே கண் செல்வது மக்கள் இயல்பு. சுவரொட்டியில் பெரிதாக நிற்பது அவன் உருவம். கொட்டகையில் கைதட்டல் எழுவது அவன் வருகைக்கு. அவனுக்கு எதிரே நின்று பகை காட்டுபவன், அருகே நின்று தோள் கொடுப்பவன், அவன் காதலிக்குத் தந்தையாகி வழி மறிப்பவன் ஆகியோரைப் படம் முடிந்து வெளியே வருவதற்குள் பாதி மறந்துவிடுகிறோம். இந்த இயல்பையும் மீறி, துணை வேடங்களைக் கொண்டே மக்கள் மனத்தில் நிலைத்துவிட்ட கலைஞர் சிலர் உண்டு. அவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர் டி. எஸ். பாலையா.

அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. இவ்விதழைப் படிக்கும் மாணவ நண்பர்களில் பெரும்பாலோர் அவர் காலமாகி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றபின் பிறந்தவர்கள். ஆயினும் ஹேமநாத பாகவதர் என்றாலும், செல்லப்பாவின் தந்தை விசுவநாதன் என்றாலும், ஒரே முகம் நம் அனைவர் கண்முன்னும் வந்து நிற்கிறது. அது ஏன் என்று ஆராய்வது பயனுடையது.

அறிவியல் மாணவர்க்குப் பழகிய வழி ஒன்று உண்டு. ஒரு கலவையில் ஒரு பொருள் என்ன வேலை செய்கிறது என்று அறிய வேண்டுமானால், அதை மட்டும் நீக்கிவிட்டு, மற்றவற்றை அப்படியே வைத்துச் சோதனையை மீண்டும் செய்து பார்ப்போம். பாலையாவின் படங்களிலும் அச்சோதனையைச் செய்து பார்க்கலாம். அவரை எடுத்துவிட்டால் அக்கதை நிற்குமா என்பதே கேள்வி.

உடன்குடியிலிருந்து கல்கத்தாவுக்கு

பழைய திருநெல்வேலிச் சீமையில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், பனங்கருப்பட்டிக்குப் பெயர் பெற்ற உடன்குடியை அடுத்த சுப்பிரமணியபுரத்தில் 1914 ஆம் ஆண்டு பாலையா பிறந்தார். நடிப்புக்குக் கல்லூரி இல்லாத காலம் அது. நாடகக் குழுவே கல்லூரி. வாத்தியாரின் பிரம்பே பாடநூல். அங்கே பாட்டும் வசனமும், நின்று பேசும் முறையும், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி குரலை எறியும் வித்தையும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. அந்தப் பள்ளியில் தேறியவர் பாலையா.

1936 இல் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய ‘சதி லீலாவதி’ அவருக்கு முதற் படம். எஸ். எஸ். வாசன் எழுதிய கதை. எம். கே. ராதா கதாநாயகன். எம். ஜி. இராமச்சந்திரன், என். எஸ். கிருஷ்ணன், கே. ஏ. தங்கவேலு ஆகியோருக்கும் அதுவே முதற் படம். ஒரே படத்தில் இத்தனை பேர் அரும்பியது தமிழ்த் திரையின் நற்பேறு. நாயகனைக் குடிக்குப் பழக்கி, அவன் மனைவியைக் கவர நினைக்கும் இராமநாதன் என்ற கயவன் வேடம் பாலையாவுக்கு. இளமையிலேயே, முதற் படத்திலேயே, கதையின் பாரம் முழுவதையும் தாங்கும் தீயவன் வேடம் கிடைத்தது. கெடுப்பவன் வலுவாக இல்லாவிட்டால் கெட்டவன் மீது நமக்கு இரக்கம் பிறக்காது என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார் போலும்.

அடுத்த ஆண்டு அவர் நம் நகரத்துக்கு வந்தார். பேசும் படத்துக்கு வேண்டிய ஒலிப்பதிவு வசதி சென்னையில் போதிய அளவு வளராத காலம் அது. எனவே தமிழ்ப் படக் கம்பெனிகள் நடிகரையும் பாட்டு வாத்தியாரையும் அழைத்துக்கொண்டு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இரயிலேறின. டாலிகஞ்சில் இருந்த ஈஸ்ட் இந்தியா பிலிம் கம்பெனியின் படப்பிடிப்பு நிலையத்தில் தமிழ்ப் படங்கள் பல உருவாயின. எம். கே. தியாகராஜ பாகவதரின் புகழை உச்சியில் ஏற்றிய ‘அம்பிகாபதி’ 1937 இல் அங்கேதான் எடுக்கப்பட்டது. கிடர்பூரில் கப்பல் துறையை ஒட்டி வாழும் நமக்கு டாலிகஞ்ச் சில மைல் தொலைவே. அவ்வழியே பேருந்தில் போகும் தமிழர் எத்தனை பேர், சோழ நாட்டு அரண்மனை ஒரு காலத்தில் அங்கே எழுந்து நின்றது என்பதை அறிவர்?

கம்பர் மகன் அம்பிகாபதிக்கும் சோழன் மகள் அமராவதிக்கும் இடையே எழுந்த காதலைச் சொல்லும் அக்கதையில், இடையே புகுந்து இடர் செய்யும் ருத்திரசேனன் பாலையா. பாகவதரோ பாட்டுக்கு மன்னர். அவர் வாய் திறந்தால் கொட்டகை மயங்கிவிடும். அத்தகைய ஒருவர் எதிரே பாட்டு இல்லாமல், பேச்சையும் பார்வையையும் வாள் வீச்சையும் மட்டும் நம்பி நிற்பது எளிதன்று. இளங்கோவன் எழுதிய செறிவான வசனம் அவருக்குக் கைகொடுத்தது. பாட்டால் வென்றவரோடு பேச்சால் ஈடு கொடுத்து நின்றார் பாலையா.

நாயகனாகவும் நின்றார், நண்பனாகவும் நின்றார்

துணை வேடம் ஏற்பவர் தலைமை வேடத்துக்குத் தகுதியற்றவர் என்று எண்ணுவது பிழை. 1948 இல் வந்த ‘மோகினி’ படத்தில் பாலையாவே முதன்மை நடிகர். மாதுரி தேவி அவருக்கு இணை. எம். ஜி. ஆர். அப்படத்தில் மற்றொரு வேடத்தில் வந்தார். எட்டே ஆண்டுகளில் நிலை மாறியது. 1956 இல் ‘மதுரை வீரன்’ வெளிவந்தபோது எம். ஜி. ஆர். நாடறிந்த நாயகன், பொம்மியை அடையத் துடித்து, வீறாப்புப் பேசி, அடி வாங்கிக்கொண்டு ஓடும் நரசப்பன் பாலையா. ஒரு காலத்தில் தமக்குப் பின்னே நின்றவர் முன்னே சென்றுவிட்டார். தாம் அவர் கையால் தோற்கும் கோமாளி வேடத்தில் நிற்கவேண்டும். வேறொருவராயின் முகம் சுளித்திருக்கலாம், அரைமனத்தோடு நடித்திருக்கலாம். திரையில் பாருங்கள்: நரசப்பன் தன் தோல்வியைக்கூடக் குறைவில்லாமல் தோற்கிறான். கோழையைக் கோழையாகக் காட்டுவதற்கும் முழுத் திறமை வேண்டும் என்பதற்கு அதுவே சான்று.

இவ்விரண்டுக்கும் இடையே, 1949 இல் வந்தது அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’. கே. ஆர். இராமசாமி ஏற்ற ஆனந்தன், தன் தந்தையைச் சாகச் செய்த செல்வரைக் கொன்றுவிடத் துடிக்கிறான். அவனைத் தடுத்து, பழி தீர்ப்பதற்கும் மூளை வேண்டும் என்று எடுத்துரைப்பவன் நண்பன் மணி. அந்த மணியாக வந்தவர் பாலையா. அதுவரை கயவனாகவே பழகிய முகம் இங்கே அறிவின் குரலாயிற்று. மணியை நீக்கிவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். ஆனந்தன் முதல் அரைமணியிலேயே கொலைகாரனாகித் தூக்கில் தொங்குவான். கதையும் அத்தோடு முடிந்துவிடும்.

1954 இல் ‘தூக்குத் தூக்கி’யில் அவர் வடநாட்டுச் சேட்டு. மணமான பெண்ணிடம் மயங்கி, தமிழை இந்திச் சாயலில் வளைத்துப் பேசி, சிரிக்க வைத்தார். தமிழ்நாட்டில் இருந்து பார்ப்பவர்க்கு அது வெறும் நகைச்சுவை. கிடர்பூரில் இருந்து பார்க்கும் நமக்கு அது இன்னும் சற்று உறைக்கும். கடைத்தெருவில் நம் வீட்டுப் பெரியவர்கள் பேசும் வங்காளமும் வங்காளிகள் காதில் இப்படித்தான் ஒலிக்கும் அல்லவா? பிறமொழிக்காரனின் பேச்சைக் கேலி செய்வது எளிது. அவனை முட்டாளாக்கிவிடுவது அதனினும் எளிது. பாலையாவின் சேட்டோ நாக்குத்தான் தடுமாறுவானே ஒழிய, மூளை தடுமாறுவதில்லை. ஆசையும் தந்திரமும் உள்ள முழு மனிதனாகவே வருகிறான். ஆகவேதான் நாமும் மனம் புண்படாமல் சிரிக்க முடிகிறது.

1959 இல் ‘பாகப்பிரிவினை’யில் தமையன் வைத்தியலிங்கம். மனைவியின் சொல்லுக்கும் தம்பியின் பாசத்துக்கும் நடுவே கிடந்து தவிக்கும் கிராமத்துப் பெரியவர். வீட்டின் நடுவே சுவர் எழும்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள், சதி லீலாவதியில் பிறன் மனை நோக்கியவன் இவரே என்று நம்பமாட்டார்கள்.

கேட்பதும் நடிப்பே

1964 இல் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ வெளிவந்தது. சின்னமலை எஸ்டேட் முதலாளி விசுவநாதன், பணக்கார மாப்பிள்ளை வேண்டும் என்னும் ஆசையால் ஏமாறுகிறார். படம் எடுக்கப்போவதாகச் சொல்லித் திரியும் மகன் செல்லப்பா அவருக்குப் பேய்க்கதை ஒன்றைச் சொல்லும் காட்சி, தமிழ்த் திரையின் நகைச்சுவைக் காட்சிகளில் அழியாத இடம் பெற்றுவிட்டது. அக்காட்சியின் பெருமை நாகேஷுக்கே என்பது பொதுவான எண்ணம். நாகேஷின் குரலும் கையும் செய்யும் விந்தையை யாரும் மறுக்கமாட்டார்கள்.

இங்கேயும் நம் சோதனையைச் செய்வோம். பாலையாவை எடுத்துவிட்டு அந்த நாற்காலியை வெறுமையாக விட்டுவிடுங்கள். ஓர் இளைஞன் தனியே குரல் மாற்றி உளறிக்கொண்டிருப்பான்; அவ்வளவே. முதலில் அலட்சியம், பிறகு ஆர்வம், பிறகு ஐயம், பிறகு அச்சம், இறுதியில் நடுக்கம் என்று படிப்படியாகக் கேட்பவர் முகம் மாறுவதால்தான் சொல்பவன் கதைக்கு உயிர் வருகிறது. அங்கே பாலையா பேசுவது மிகக் குறைவு. கேட்பது ஒன்றே அவர் வேலை. அக்கதை 1966 இல் ‘பியார் கியே ஜா’ என்று இந்தியில் எடுக்கப்பட்டபோது, மெகமூத் சொல்ல ஓம் பிரகாஷ் கேட்டார். அங்கும் கேட்பவருக்குத் தேர்ந்த நடிகர் ஒருவரே தேவைப்பட்டார் என்பது கருதத் தக்கது.

தோல்வியை அறிந்த புலவர்

பாலையாவின் வேடங்களுள் மணிமுடி 1965 இல் ஏ. பி. நாகராசன் எடுத்த ‘திருவிளையாடல்’. வேற்று நாட்டிலிருந்து வந்து, தம் இசையால் பாண்டியன் அவையைக் கவர்ந்து, என்னை வெல்வார் இந்நாட்டில் உண்டோ என்று இறுமாந்து நிற்கும் ஹேமநாத பாகவதர் அவர். பாடியது பாலமுரளி கிருஷ்ணாவின் குரல். அக்குரலுக்கு ஏற்ப வாயசைப்பது மட்டும் போதாது. அந்த வித்துவத்துவமும் செருக்கும் கழுத்திலும் புருவத்திலும் விரல் நுனியிலும் தெரிய வேண்டும். பாலையாவிடம் தெரிந்தன.

இந்த இடத்தில் ஒன்றை நினைக்க வேண்டும். ஹேமநாதர் வெறும் தற்பெருமைக்காரராக இருந்தால், அவரை அடக்க இறைவன் விறகு சுமந்து வரவேண்டிய தேவை என்ன? பாணபத்திரரே பாடி அனுப்பிவிடலாமே! வந்தவர் உண்மையிலேயே பெரும் வித்துவான் என்று நாம் நம்பினால்தான் பத்திரரின் கலக்கம் மெய்யாகும். ஆலவாயண்ணல் அருளும் பெரிதாகும். ஆகவே இறைவனின் பெருமையைத் தாங்கி நிற்கும் தூண் ஹேமநாதரின் திறமையே.

அதனினும் நுண்ணியது அவர் தோற்கும் காட்சி. திண்ணையில் படுத்திருக்கும் விறகுவெட்டியின் பாட்டு காதில் விழுகிறது. அரசன் தீர்ப்புச் சொல்லவில்லை, அவையும் கூடவில்லை. தாம் தோற்றுவிட்டதை அவரே அறிகிறார். இசையறியாதவனுக்கு அத்தோல்வி தெரிந்தே இராது. கற்றவனுக்கே தன்னினும் மிக்க கல்வி கண்ணுக்குத் தெரியும். செருக்கு வடிந்து வியப்பு நிறையும் அந்த முகத்தில், பகைவனாக வந்தவர் ஒரு நொடியில் அடியவராகிவிடுகிறார். அம்மாற்றத்தைச் சில நொடிகளில் நமக்குக் காட்டியது பாலையாவின் முப்பதாண்டுப் பயிற்சி.

1967 இல் கே. பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ படத்தில், பக்கத்து வீட்டு நடிகைக்காகக் கடன் வாங்கி ஆடம்பரம் செய்யும் மூன்று மகன்களையும் மருமகள்களையும் திருத்தும் தந்தை. 1968 இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் தவில் வித்துவான் முத்துராக்கு. சிக்கல் சண்முகசுந்தரத்தின் முன்கோபத்தை அணைத்தும், ஊடலைத் தணித்தும், குழுவைக் கட்டிக் காத்தும் நிற்பவர். தவிலில் அவர் கை விழும் அழகு, மெய்யாகவே வாசிக்கிறாரோ என்று ஐயுற வைக்கும்.

அவர் ஏற்ற வேடங்கள் எல்லாம் மணிகள் அல்ல. கயவன் வேடங்கள் சிலவற்றில் அதே சிரிப்பும் அதே இழுவைப் பேச்சும் திரும்பத் திரும்ப வந்தன. ஆனால் கதையில் சிறிது இடம் கிடைத்தபோதெல்லாம், சொல்லை நீட்டி, நடுவில் நிறுத்தி, எதிர்பாராத இடத்தில் விரைந்து முடிக்கும் அந்தக் குரல் புதிய மனிதனொருவனைப் படைத்துவிடும்.

மறைவுக்குப் பின்

1972 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அறுபதை எட்டுமுன்னரே பாலையா மறைந்தார். சென்னைக்கும் நம் நகரத்துக்கும் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்டில். தம் உருவம் வீடு தோறும் நுழையப் போவதை அவர் காணவில்லை. ஆனால் அந்தப் பெட்டியே அவரைக் கொட்டகை காணாத தலைமுறைக்கும், தமிழ்ப் படம் ஓடும் அரங்கு அருகில் இல்லாத கொல்கத்தாத் தமிழருக்கும் கொண்டுவந்து சேர்த்தது. அவர் மகன் ரகு, ஜூனியர் பாலையா என்ற பெயரோடு, ‘கரகாட்டக்காரன்’ முதல் ‘சாட்டை’ வரை பல படங்களிலும், தொலைக்காட்சித் தொடர்களிலும் தந்தை வழியிலேயே துணை வேடங்கள் ஏற்று, 2023 நவம்பரில் காலமானார்.

மாணவ நண்பர்களே! நம்முள் முதல் வரிசைக்கு வருபவர் சிலரே. மற்றவர் பிறர் ஆய்வுக்கு அளவெடுத்துத் தருவோம். பிறர் பெயரில் எழும் நிறுவனத்தில் பணி செய்வோம். பிறர் ஊரில் பிறர் மொழி பேசி வாழ்வோம். அதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. நாதசுரத்துக்குத் தவில் துணைதான். தவிலை நிறுத்திவிட்டு மல்லாரி வாசிக்கச் சொல்லுங்கள். சுவாமி புறப்பாடு நடக்காது. நம்மை நீக்கிப் பார்த்தால் கதை நிற்குமா என்ற கேள்விக்கு, நிற்காது என்று பிறர் விடை சொல்லும்படி வேலை செய்வதே பெருமை. பாலையா அவ்வாறு செய்தார்.