வரியை எதிர்த்துப் பதவியிழந்த கவர்னர்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு காலத்தில் பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரிய பூங்கா இருந்தது. மூர் மார்க்கெட்டும் ரிப்பன் மாளிகையும் பின்னாளில் அந்த இடத்தில்தான் எழுந்தன. பூங்காவை அமைத்தவர் கவர்னர் சார்லஸ் டிரெவெலியன். நமது திருவண்ணாமலை தென்னாற்காடு ஜில்லாவில் இருந்த காலம் அது.

1807-ல் இங்கிலாந்தில் பிறந்த இவர், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இந்தியா வந்தார். 1829-ல், 22 வயதில், டெல்லியில் தம் மேலதிகாரியான எட்வர்ட் கோல்புரூக் மீதே லஞ்சப் புகார் கொடுத்தார். விசாரணையில் புகார் உறுதியாகி கோல்புரூக் பதவி இழந்தார்.

ஆனால், அரபி, சமஸ்கிருதக் கல்விக்கான அரசுப் பணத்தை ஆங்கிலக் கல்விக்குத் திருப்ப வேண்டும் என்று முனைந்து நின்றவர்களில் இவரும் ஒருவர். 1835-ல் அதைச் சாதித்த மெக்காலே, இவர் மனைவியின் அண்ணன். மதரஸாவிலும் கல்லூரியிலும் படித்த நமக்கு, இரண்டு கல்வியும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியவை என்று தோன்றவில்லை. அவருக்கு அப்படித் தோன்றியது.

1840-ல் லண்டன் கருவூலத் துறையின் உயர் பொறுப்புக்குப் போனார். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பஞ்சம் வந்தபோது நிவாரணப் பணி இவர் கையில் இருந்தது. அரசு அதிகம் உதவினால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று நம்பி, உதவியைச் சுருக்கினார். பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். பஞ்சம் முடியும் முன்பே, 1848-ல், இவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

1859-ல் சென்னைக்கு கவர்னராக வந்தார். 1857 கிளர்ச்சியால் அரசுக்குக் கடன் ஏறியிருந்தது. அதை அடைக்க, கல்கத்தாவில் நிதிப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் வில்சன் வருமான வரி கொண்டுவந்தார். புது வரி வேண்டாம், செலவைக் குறையுங்கள் என்றார் டிரெவெலியன். தம் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளிலும் வெளியிட்டார். அதற்காக 1860-ல் லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. வரியும் சட்டமானது.

கதை அங்கே முடியவில்லை. 1862-ல் அவரே நிதி உறுப்பினராகக் கல்கத்தா திரும்பினார். 1865-ல் அந்த வரி காலாவதியானது. 1886-ல் காலமானார்.

நம் மக்களுக்காகப் பதவியைப் பணயம் வைத்தவரும், அயர்லாந்தின் பசித்தவர்களிடம் கணக்குப் பார்த்தவரும் ஒரே மனிதர்தான். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் வரலாறு ஆகாது. நிவாரணமோ ஜகாத்தோ பங்கிடும் பொறுப்பில் இருப்பவர்கள் இவர் வாழ்க்கையை முழுவதுமாகப் படிக்க வேண்டும். லஞ்சம் வாங்காத கை மட்டும் போதாது. பசித்தவன் சோம்பேறியா என்று ஆராயும் முன் அவனுக்குச் சோறு போகவேண்டும்.