குருவிக்குப் பெயர் கேட்டவர்



எனக்கு ஊர் காணை. எங்க வீட்டுல முதன்முதலா படிக்க வந்தவன் நான்தான். முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்ததும், படிப்பு நமக்கு ஒத்து வராதோன்னு நெனச்சேன். அந்த நேரத்தில்தான் நூலகத்தில் சலீம் அலியின் வாழ்க்கையைப் படித்தேன்.

அவர் 1896-ல் பம்பாயில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய், தந்தையை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தார். பத்து வயது வாக்கில் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு. இது என்ன குருவி என்று கேட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கே போய்விட்டார். அந்தக் கேள்விதான் அவர் வாழ்க்கை ஆனது.

கல்லூரியில் முதலாண்டு தாங்காமல் பர்மாவுக்குப் போனார். பிறகு, பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசு விலங்கியல் துறையில் வேலை கிடைக்கவில்லை. ஜெர்மனியில் பயிற்சி பெற்று 1930-ல் திரும்பினால், அருங்காட்சியகத்தில் இருந்த வேலையும் போச்சு. நாமா இருந்தா ஒடைஞ்சு போயிருப்போம். அவரோ கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் தங்கித் தூக்கணாங்குருவியைக் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெண் வந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியை முடிக்கும். பிறகு அடுத்த கூட்டைத் தொடங்கும். இதை அவர் 1931-ல் எழுதினார்.

1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வந்தது. 1945-ல் பாலைநிலமான கட்ச் பகுதியின் பறவைகளைப் பற்றி ஒரு நூல். ரிப்ளியுடன் சேர்ந்து பத்துத் தொகுதிகள். 1976-ல் பத்ம விபூஷண். 1987-ல் மறைந்தார். கோவை ஆனைகட்டியில் 1990-ல் அவர் பெயரில் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது.

படித்த பிறகு எங்க ஊர் வானத்தைப் பார்த்தேன். எல்லாமே குருவின்னுதான் சொல்லிக்கிட்டிருந்தோம். அறுப்பு வயல் ஓரம் கரண்டு கம்பியில் வரிசையாக உட்காருவது தகைவிலான். குளிர்காலத்துக்கு வந்து, கூடு கட்ட வடக்கே போய்விடும். கம்பியில் உட்காரவே தெரியாதது உழவாரன். கோயில் மண்டபக் கூரையில் இறகையும் புல்லையும் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும். அப்பாவிடம் சொன்னேன். இத்தனை வருஷம் அதே வயலில் நின்றவர், அன்றுதான் நிமிர்ந்து பார்த்தார்.

நண்பர்களே, அரியரை எழுதிக்கொள்ளலாம். கேள்வி கேட்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது.