சின்ன அலைவாங்கியும் ஜெகதீஷ் சந்திர போஸும்

டிரோன் பறக்கும்போது தன்னைப் பற்றித் தானே ஓயாமல் அறிவித்துக்கொண்டு போகிறது என்பது பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை. அதன் அடையாள எண், இருக்கும் இடம், உயரம், வேகம், இயக்குபவர் நிற்கும் இடம் என எல்லாம் வைஃபை அல்லது புளூடூத் அலையில் வெளியாகின்றன. தொலை அடையாளம் எனப்படும் இம்முறையை ஜப்பான் 2022இலும் அமெரிக்கா 2023இலும் கட்டாயமாக்கின. இந்த அறிவிப்பைப் பிடிக்கும் அலைவாங்கியைத் தீப்பெட்டி அளவிலேயே செய்துவிடலாம்.

பாச்சாங்கில் இருப்பவர்களுக்கு பத்து பெரண்டாம் விமான நிலையம் பக்கத்தில்தான். டிரோனை எங்கே விடலாம், யார் விடுகிறார்கள் என்ற கேள்வி இங்கே வெறும் பாடக் கேள்வி அல்ல. மாலை வகுப்பில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் என்னிடம் மாணவர்கள் இந்தக் கருவியைப் பற்றிக் கேட்டால், நான் டிரோனில் இருந்து தொடங்குவதில்லை. 1858 நவம்பர் 30ஆம் நாள், இன்றைய வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் பிறந்த ஜெகதீஷ் சந்திர போஸிடம் இருந்து தொடங்குகிறேன்.

அவருடைய தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குத்தான் போவார்கள். இவரோ மகனை முதலில் வங்காளப் பள்ளியில் சேர்த்தார். மீனவரின் மகனும் வீட்டு ஊழியரின் மகனும் போஸின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தால் அறிவியலில் பின்தங்கிவிடுவோம் என்று பேசுகிறவர்களிடம் நான் சொல்வது இந்த ஒரு செய்தியைத்தான்.

பிறகு கல்கத்தாவில் படிப்பு. மருத்துவம் படிக்க லண்டன் போனார். உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் படித்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ரேலி பிரபு. 1885இல் நாடு திரும்பி, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. ஒரே வேலைக்கு ஆங்கிலேயருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். தற்காலிக நியமனம் என்பதால் போஸுக்கு அதிலும் பாதிதான். அவர் வேலையை விடவில்லை, சம்பளத்தை வாங்க மறுத்தார். மூன்று ஆண்டுகள் ஒரு காசு வாங்காமல் பாடம் நடத்தினார். அதற்கிடையில் 1887இல் திருமணமும் நடந்தது. மனைவி அபலா சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர். கையில் காசில்லாத குடும்பம் அந்த நாட்களை எப்படித் தள்ளியிருக்கும் என்பது தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கடைசியில் கல்லூரி இறங்கி வந்தது. முழுச் சம்பளமும் பழைய பாக்கியோடு கைக்கு வந்தது.

ஆய்வுக்கூடம் மட்டும் வரவில்லை. குளியலறைக்கு அடுத்த ஒரு சிறிய அறையில், தானே பழக்கிய ஒரு தகரவேலைக்காரரை வைத்துக்கொண்டு கருவிகளைச் செய்தார்.

இப்போது அலைக்கு வருவோம். மின்காந்த அலை உண்மையில் இருக்கிறது என்று காட்டிய ஜெர்மானியர் ஹெர்ட்ஸ், ஏறத்தாழ 66 சென்டிமீட்டர் நீள அலையை வளைத்துக் காட்டப் பயன்படுத்திய கீல் பட்டகம் அரை டன்னுக்கு மேல் எடை. அலை நீளமானால் கருவியும் பெரிதாக வேண்டும். போஸ் இதைத் திருப்பிப் போட்டார். அலையை 5 மில்லிமீட்டர் வரை குறுக்கினார். உடனே பட்டகமும் அலையைக் குவிக்கும் புனலும் மேசைமேல் அடங்கிவிட்டன. ஈயத்தாள் செருகிய ரயில் அட்டவணைப் புத்தகத்தைக்கூட அவர் அலையை வடிகட்டப் பயன்படுத்தினார். டிரோன் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அலையை அனுப்புவது பாதி வேலைதான். வந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டுமே! அன்றைய அலைவாங்கி, இரும்புத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாய். அலை பட்டால் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விடும். தட்டிவிட்டால்தான் மறுபடி வேலை செய்யும். போஸ் தூளை எடுத்துவிட்டு, சின்னச் சின்னக் கம்பிச்சுருள்களை வரிசையாக அடுக்கி, திருகாணியால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தார். பிறகு கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தின்மேல் ஒரு முனையைத் தொடவைத்து அலையைப் பிடித்தார். இன்றைய குறைகடத்திக் கருவிகளுக்கு அதை முன்னோடி என்பார்கள்.

1895இல் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில், சுவர்களைக் கடந்து போன அலை மணியை அடித்தது, வெடிமருந்தைக் கொளுத்தியது. 1897 ஜனவரியில் அதே சிறிய கருவிகளோடு லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உரையாற்றினார். கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அவர் மறைக்கவே இல்லை. அதைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். பணம் தருகிறேன் என்று வந்த தந்தி நிறுவனத்தாரையும் திருப்பி அனுப்பினார். நண்பர்களின் வற்புறுத்தலால் கலீனா அலைவாங்கிக்கு 1904இல் ஓர் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதைக் காலாவதியாக விட்டுவிட்டார்.

1901இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சமிக்ஞையை மார்க்கோனி பிடித்த பாதரச அலைவாங்கி, 1899இல் போஸ் வெளியிட்ட வடிவத்தில் இருந்து வந்தது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். ஆனாலும் மார்க்கோனி திருடினார் என்று மேடையில் முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தூரத்துக்குச் செய்தி அனுப்புவது மார்க்கோனியின் வேலை. அலையின் குணத்தை அறிவது போஸின் வேலை.

திறந்து வைப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் மாணவர்கள் யோசிக்க வேண்டும். டிரோனின் அறிவிப்பு பூட்டில்லாதது. யாரும் பிடிக்கலாம், இயக்குபவர் எங்கே நிற்கிறார் என்று யாரும் பார்க்கலாம். போலி அறிவிப்பையும் காற்றில் விடலாம். அலைவாங்கி கையில் இருந்தால் போதாது, வந்தது மெய்தானா என்றும் சோதிக்க வேண்டும். இதற்கு இன்னும் முழுத் தீர்வு இல்லை. உங்களில் யாராவது பல்கலைக்கழகத்தில் எடுத்துச் செய்யக்கூடிய ஆய்வு இது.

போஸை வேறு பக்கம் இழுத்ததும் அலைவாங்கிதான். தொடர்ந்து வேலை வாங்கினால் அதன் உணர்வு மங்கியது. ஓய்வு கொடுத்தால் திரும்பியது. உலோகமும் களைப்படையுமா என்ற அந்தக் கேள்வியே அவரைச் செடிகொடிகளின் ஆராய்ச்சிக்குக் கொண்டுபோனது. 1917இல், தம்முடைய 59ஆம் பிறந்தநாளில், கல்கத்தாவில் போஸ் ஆய்வுக்கழகத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிடியில் காலமானார். அவர் செய்த கருவிகள் இன்றும் அந்த ஆய்வுக்கழகத்தில் இருக்கின்றன. 5 மில்லிமீட்டர் அலை என்றால் 60 கிகாஹெர்ட்ஸ். அதிவேக வைஃபையில் ஒரு வகை இப்போது அந்த அலைவரிசையில்தான் இயங்குகிறது.