ஓர் அடக்க ஆராதனையை மறுத்த போதகர்

ஊரில் சாவு விழுந்தால் பாடை எந்தப் பாதையில் போகும், சுவருக்கு எந்தப் பக்கம் குழி வெட்டுவார்கள் என்பது நமக்குப் பழகிப்போன கேள்வி. சர்ச் மணி அடிக்கும் ஊர்களிலும் இந்தக் கேள்வி தீர்ந்தபாடில்லை. ஆகவே டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மானியப் போதகரின் வாழ்க்கையை ஒரு சாவிலிருந்தே சொல்லத் தொடங்குகிறோம்.

1933 ஜனவரி 30-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரல் 1-இல் யூதர் கடைகளில் யாரும் பொருள் வாங்கக் கூடாது என்று நாஜிப் படையினர் வாசலில் நின்று மறித்தார்கள். போன்ஹோஃபரின் 90 வயதுப் பாட்டி அந்தக் காவலைச் சட்டை செய்யாமல் நடந்துபோய்ப் பொருள் வாங்கி வந்தார். ஒரு வாரத்தில், யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது.

அதே ஏப்ரலில்தான் யூதப் பெரியவர் ஒருவர் இறந்தார். அவர் போன்ஹோஃபரின் இரட்டைச் சகோதரி சபீனாவின் மாமனார். அடக்க ஆராதனையை நடத்தித் தரும்படி குடும்பத்தார் போன்ஹோஃபரிடம் கேட்டார்கள். 27 வயதுப் போதகரான அவர் தம் மேலதிகாரியிடம் யோசனை கேட்டார். இறந்தவர் ஞானஸ்நானம் பெறாத யூதர், காலமும் சரியில்லை, வேண்டாம் என்றார் அதிகாரி. போன்ஹோஃபர் மறுத்துவிட்டார்.

சில மாதங்களுக்குப் பின், எப்படி அவ்வளவு பயந்துபோனேன் என்று வெட்கப்பட்டு, சகோதரிக்கும் மைத்துனருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினார். யூதருக்காகத் துணிந்து நின்றவர் என்று உலகம் போற்றும் இந்த மனிதர், முதல் சோதனையில் தோற்றவர். அதை மறைக்காமல் சொன்னால்தான் பின்னர் அவர் கொடுத்த விலை நமக்குப் புரியும்.

அவர் பிறந்தது 1906 பிப்ரவரி 4, பிரெஸ்லாவ் நகரில். அது இன்று போலந்தில் இருக்கிறது. தந்தை பெர்லினில் பெயர்பெற்ற மனநல மருத்துவப் பேராசிரியர். எட்டுப் பிள்ளைகள், பணியாட்கள், இசை, புத்தகங்கள் என்று வசதியான வீடு. 21 வயதிலேயே இறையியலில் முனைவர் பட்டம் பெற்றார். பிறப்பால் அவருக்கு எந்தத் தடையும் இருந்ததில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பேராசிரியராகவே ஓய்வு பெற்றிருக்கலாம்.

பிறப்பின் பெயரால் மனிதரை ஒதுக்குவதை அவர் நெருக்கமாகப் பார்த்தது அமெரிக்காவில். 1930-இல் நியூயார்க்குக்குப் படிக்கப் போனார். ஃபிராங்க் ஃபிஷர் என்ற கறுப்பின மாணவர் அவரை ஹார்லெம் பகுதியிலுள்ள அபிசீனியன் பாப்டிஸ்ட் சர்ச்சுக்கு அழைத்துப் போனார். வெள்ளையருக்கு ஒரு சர்ச், கறுப்பருக்கு ஒரு சர்ச் என்று இருந்த நாடு அது. போன்ஹோஃபர் மாதக்கணக்கில் ஹார்லெமுக்கே போய், அங்கே ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். ஊர் திரும்பும்போது கறுப்பின மக்களின் பக்திப் பாடல்கள் பதிந்த இசைத்தட்டுகளைக் கொண்டுபோனார். பின்னாளில் தம் மாணவர்களுக்கு அவற்றைப் போட்டுக் காட்டினார்.

1933 செப்டம்பரில் பிறப்பு பார்க்கும் விதி ஜெர்மன் சர்ச்சுக்குள்ளேயே நுழைந்தது. யூத வம்சத்தில் பிறந்தவர், ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவரே ஆனாலும், போதகராக இருக்க முடியாது என்று பிரஷ்ய சர்ச்சின் மாமன்றம் தீர்மானித்தது. அவர்களுக்குத் தனிச் சபை அமைத்துக் கொடுத்தால் போயிற்று என்று சமாதானம் சொன்னவர்களும் இருந்தார்கள். போன்ஹோஃபரின் நெருங்கிய நண்பர் ஃபிரான்ஸ் ஹில்டெபிராண்ட் யூத வம்சத்துத் தாயின் மகன். அவரும் போதகர்தான்.

போன்ஹோஃபர் துண்டறிக்கை எழுதி இந்த விதியை எதிர்த்தார். பிறப்பைப் பார்த்து ஆளைச் சேர்க்கும் சபை, அந்த நிமிடமே கிறிஸ்துவின் சபையாக இல்லாமல் போகிறது என்பது அவர் வாதம். நசுக்கப்பட்டவருக்கு மருந்து போடுவது மட்டும் போதாது, நசுக்கும் சக்கரத்தையே தடுத்து நிறுத்த வேண்டிய நேரமும் வரும் என்று அதற்கு முன்பே எழுதியிருந்தார்.

இதற்கு அவர் தவணை தவணையாக விலை கொடுத்தார். அரசுக்கு அடிபணியாத சபையினருக்காக ஃபிங்கன்வால்டே என்ற ஊரில் போதகர் பயிற்சிப் பள்ளி நடத்தினார். 1936-இல் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமை பறிபோனது. 1937-இல் ரகசியப் போலீஸ் பள்ளியை மூடி முத்திரை வைத்தது. அவருடைய மாணவர்கள் 27 பேர் கைதானார்கள். 1938-இல் பெர்லினில் பணிசெய்யத் தடை. அதே ஆண்டு சபீனா கணவரோடும் பிள்ளைகளோடும் நாட்டை விட்டுத் தப்பிப் போனார். 1940-இல் பேசத் தடை, 1941-இல் எழுதி வெளியிடத் தடை.

சீடராக வாழ்வது பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் வெளிவந்தது, பள்ளி மூடப்பட்ட 1937-இல்தான். ஞானஸ்நானம், பாவமன்னிப்பு, நற்கருணை எல்லாம் வேண்டும், ஆனால் எதையும் இழக்க மாட்டேன் என்று வாழும் பக்தியை அதில் அவர் மலிவான கிருபை என்றார். கிருபை இலவசம்தான், ஆனால் கிறிஸ்துவின் பின்னால் போகிறவனுக்கு அது உயிரையே விலையாகக் கேட்கும் என்று விளக்கினார்.

எழுதியதை நடத்திக் காட்டும் வேளை 1939-இல் வந்தது. போர் நெருங்கியது. ஹிட்லரின் படையில் சேர மறுத்தால் மரணம். நண்பர்கள் அவரை நியூயார்க்குக்கு அனுப்பி, அங்கே வேலையும் பார்த்து வைத்தார்கள். ஜூனில் போய் இறங்கினார். மனம் ஒப்பவில்லை. தன் மக்களின் துன்ப காலத்தில் உடன் இல்லாதவனுக்கு, பின்னால் நாட்டைச் சீரமைப்பதில் பங்கு கேட்கும் உரிமை கிடையாது என்று முடிவெடுத்து, ஜூலையில் ஜெர்மனிக்குக் கப்பலேறினார்.

காந்தியிடம் அகிம்சைப் போராட்டம் கற்க 1934-இல் இந்தியா வர விரும்பி, அழைப்பும் பெற்றவர் அவர். அந்தப் பயணம் நடக்கவில்லை. அப்படிப்பட்டவர், ஹிட்லரைக் கொல்லத் திட்டமிட்ட ரகசியக் குழுவில் சேர்ந்தார். அது பாவமில்லை என்று அவர் தமக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளவில்லை. கை சுத்தமாக இருந்தால் போதும் என்று ஒதுங்கி நிற்பது அதைவிடப் பெரிய குற்றம் என்று நினைத்தார். அவரது மைத்துனர் ஹான்ஸ் ஃபான் டோனானியும் கூட்டாளிகளும் 1942-இல் 14 பேரை, பெரும்பாலும் யூதர்களை, சுவிட்சர்லாந்துக்குத் தப்புவித்தார்கள். அந்த வேலையில் போன்ஹோஃபருக்கும் பங்கு உண்டு.

1943 ஜனவரியில் மரியா என்ற 18 வயதுப் பெண்ணுடன் அவருக்குத் திருமணம் நிச்சயமானது. ஏப்ரல் 5-இல் கைதானார். பெர்லினின் டேகல் சிறையில் 18 மாதம். காவலர் பக்கத்தில் நிற்க, எப்போதாவது அந்தப் பெண் வந்து பார்க்க முடிந்தது. தப்பிக்க வைக்க ஒரு காவலர் முன்வந்தார். அதற்குள் அண்ணன் கிளவுஸ் கைதாகிவிட, தான் ஓடினால் வீட்டார் மாட்டுவார்கள் என்று அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். 1945 பிப்ரவரியில் மரியா அவரைத் தேடி ஃபிளோசன்பூர்க் வதைமுகாம் வரை போனார். அங்கே அவர் இல்லை என்று கேட்டுத் திரும்பினார். அப்போது அவர் புகன்வால்ட் முகாமில் இருந்தார்.

ஏப்ரலில் அதே ஃபிளோசன்பூர்க்குக்கு அவரைக் கொண்டுவந்தார்கள். 1945 ஏப்ரல் 9 விடியற்காலை தூக்கிலிட்டார்கள். வயது 39. இரண்டே வாரத்தில் அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தது. மூன்று வாரத்தில் ஹிட்லரும் செத்தார். அண்ணன் கிளவுஸ், மைத்துனர்கள் இருவர் ஆகியோரையும் அதே மாதத்தில் கொன்றார்கள். ஜூலை இறுதியில் லண்டனில் நடந்த நினைவு ஆராதனையை வானொலியில் கேட்டுத்தான் பெற்றோருக்கு மகன் இறந்தது உறுதியாயிற்று.

அவருக்குக் கல்லறை கிடையாது.

மாணவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல விரும்புகிறோம். கிறிஸ்தவத்துக்கு விலை உண்டு என்பது நம் மக்களுக்குப் புதிதல்ல. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் திறந்த கதவு இவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. வெளியே சலுகை போனது, சர்ச்சுக்குள்ளே சாதி போகவில்லை. இரண்டு பக்கமும் விலை கொடுப்பது நாம்தான்.

போன்ஹோஃபரின் வாழ்க்கை கேட்கும் கேள்வி நம்மை நோக்கியது அல்ல. பிறப்பால் இழக்க ஒன்றும் இல்லாமல், சுவருக்கு அந்தப் பக்கம் வசதியாக இருப்பவர்களை நோக்கியது. அவரும் அந்தப் பக்கத்தில் பிறந்தவர்தான். ஒரு பிணத்துக்கு ஜெபம் செய்ய மறுத்தவர்தான். அது தவறு என்று ஒப்புக்கொண்டார், பிறகு சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார். கல்லறைத் தோட்டத்தில் இன்றும் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கும் பங்குகளில், அந்தச் சுவரை இடிக்க முதல் கடப்பாரையை அந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்போவது யார்?