கொசுவின் குட்டை உடைத்த ராணுவ டாக்டர்

பெங்களூரிலும் செகந்திராபாத்திலும் வாழும் தமிழர்களுக்குக் கொசுத்தொல்லை பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியது இல்லை. அந்தக் கொசுதான் மலேரியா காய்ச்சலைப் பரப்புகிறது என்ற உண்மையை வெளிக்கொண்டு வந்தவர், இதே ஊர்களில் உத்தியோகம் பார்த்த ஒரு ராணுவ டாக்டர். அவர் பெயர் ரொனால்டு ராஸ்.

தந்தை சொல்லைத் தட்டவில்லை

இமயமலைப் பகுதியில் உள்ள அல்மோராவில் 1857-ம் ஆண்டு மே 13-ந் தேதி ராஸ் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் ஜெனரல் பதவி வரை உயர்ந்தவர். 10 குழந்தைகளில் ராஸ்தான் மூத்தவர். 8 வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

கவிதை எழுதுவதிலும் படம் வரைவதிலும்தான் அவருக்கு ஆசை. ஆனாலும் தந்தையின் விருப்பப்படி மருத்துவம் படித்தார். 1881-ல் ராணுவ டாக்டராகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். பர்மா, அந்தமான் என்று ஊர் ஊராக மாற்றினார்கள்.

1883-ல் பெங்களூரில் இருந்தபோது, தன் பங்களாவில் மட்டும் ஏன் இவ்வளவு கொசு என்று யோசித்தார். ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்ப் பீப்பாயில் புழுக்கள் நெளிந்தன. பீப்பாயைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது!

1889-ல் ரோசா பெஸ்ஸி என்ற பெண்ணை மணந்தார். 2 மகன்கள், 2 மகள்கள் பிறந்தனர்.

கொசு கடிக்க ஓர் அணா

அந்தக் காலத்தில், சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றே மலேரியாவுக்குக் காரணம் என்று நம்பினார்கள். நோயாளியின் ரத்தத்தில் கிருமி இருப்பதை லாவரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர் 1880-ல் கண்டுபிடித்து இருந்தார். அந்தக் கிருமியை 1894-ல் லண்டனில் டாக்டர் மான்சன், ராசுக்குக் காட்டினார். கொசுவுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றும் சொன்னார். அன்று முதல் ராசுக்கு வேறு நினைப்பே இல்லை.

மறு ஆண்டு செகந்திராபாத் வந்தார். ராணுவ வேலை போக மிஞ்சிய நேரத்தில், கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். மின்விசிறி இல்லாத காலம். பங்கா இழுத்தால் அறுத்த கொசு பறந்துவிடும். எனவே வியர்வையிலேயே உட்கார்ந்திருந்தார். வியர்வை பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்தன.

உசேன்கான் என்ற நோயாளி, ஒரு கொசு கடிக்க ஓர் அணா கூலி வாங்கிக்கொண்டு தன் உடம்பைக் கொடுத்தார். 1897-ல் நீலகிரிக்குப் போன இடத்தில் ராசையே மலேரியா பிடித்தது. அப்போதும் அவர் விடவில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டு 20-ந் தேதி, பேகம்பேட்டையில் அவர் அறுத்த பழுப்பு நிறக் கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமி வளர்ந்திருப்பது தெரிந்தது. அந்த மகிழ்ச்சியைக் கவிதையாக எழுதி மனைவிக்கு அனுப்பினார்.

வந்தது மாறுதல் உத்தரவு!

பாராட்டுக்குப் பதிலாக மாறுதல் உத்தரவு வந்தது. ராஜபுதனத்தில் உள்ள கேர்வாராவுக்குப் போகச் சொன்னார்கள். வேலை பாதியில் நின்றது. 1898-ல் கல்கத்தாவுக்கு மாற்றல் கிடைத்த பிறகுதான் தொடர முடிந்தது. முகமது பக்ஸ் என்ற உதவியாளரை வைத்துக்கொண்டு பறவைகளிடம் சோதனை நடத்தினார். கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து, கடிக்கும்போது பரவுவதை நிரூபித்தார்.

அதே ஆண்டில் இத்தாலியில் கிராசி குழுவினர் மனிதர்களிடம் இதை மெய்ப்பித்தார்கள். பெருமை யாருக்கு என்ற சண்டையில் ராஸ் பல ஆண்டுகள் கசப்போடு இருந்தார். இது அவருடைய குறை. 1902-ல் நோபல் பரிசும், 1911-ல் சர் பட்டமும் கிடைத்தன.

மனைவி அருகில்

புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. முதல் உலகப்போர் தொடங்கிய 1914 ஆகஸ்டிலேயே மூத்த மகன் பிரான்சு போர்க்களத்தில் பலியானான். 1928-ல், தம் ஆராய்ச்சிக் கடிதங்களையும் குறிப்புகளையும் ராஸ் விற்றார். மனைவி மக்களின் எதிர்காலத்துக்குப் பணம் வேண்டும் என்பதை அவர் மறைக்கவில்லை.

1931-ல் மனைவி காலமானார். மறு ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி ராசும் கண்ணை மூடினார். லண்டனில் மனைவியின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஆகஸ்டு 20-ந் தேதி இன்று உலகக் கொசு தினம். பேகம்பேட்டைக் கட்டிடம் அவருடைய நினைவைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை பார்க்கலாம். போக முடியாதவர்கள், வீட்டுப் பின்புறம் தேங்கிக் கிடக்கும் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் போதும். ராஸ் பெங்களூரில் முதலில் செய்ததும் அதுதானே!