இடது கைப் பையன்

அமெரிக்காவில் பால்டிமோர் என்று ஒரு துறைமுகப் பட்டணம். அங்கே 1895-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி ஒரு குழந்தை பிறந்தது. ஜார்ஜ் ஹெர்மன் ரூத் என்று பெயர் வைத்தார்கள்.

தகப்பனார் மதுக்கடை நடத்தினார். கடையைக் கவனிக்கவே பெற்றோருக்கு நேரம் சரியாக இருந்தது. பையனோ பள்ளிக்கூடம் போகாமல் தெருத் தெருவாகச் சுற்றினான். 1902-ல், ஏழு வயதில், அவனைப் புனித மேரி தொழிற்பள்ளியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அனாதைகளும் அடங்காப் பிள்ளைகளும் இருந்த இடம் அது. கத்தோலிக்கத் துறவிகள் நடத்தினார்கள். ரூத் அங்கே சட்டை தைக்கக் கற்றுக்கொண்டான்.

துறவிகளில் ஒருவர் பிரதர் மத்தையாஸ். ஆறடிக்கு மேல் உயரம். மலை போன்ற உடம்பு. மாலையில் மட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வருவார். ஒற்றைக் கையாலேயே பந்தை வானத்துக்கு அனுப்புவார். சிறுவன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்பான்.

அந்த ஆட்டத்தின் பெயர் பேஸ்பால். மைதானத்தில் சாய்சதுரமாக நான்கு இடங்கள் இருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 90 அடி. 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பாலிருந்து எதிரி பந்து வீசுவான். நம் கிரிக்கெட் போலத் தரையில் குத்தி எழாது. நேரே பாய்ந்து வரும். மூன்று தடவை கோட்டை விட்டால் அவுட். அடித்துவிட்டாலோ, மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடவேண்டும். நான்கு இடங்களையும் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் ஓர் ஓட்டம். பந்து வேலியைத் தாண்டி விழுந்தால் அவசரமே இல்லை. ஊர்வலம் போல நிதானமாகச் சுற்றி வரலாம். அதுதான் ஹோம் ரன்.

ரூத்துக்கு ஒரு சங்கடம். அவன் இடது கைக்காரன். வீசும் கை சும்மா இருக்க, மற்றக் கையில் உறை மாட்டுவது வழக்கம். பள்ளியில் இருந்த உறைகளோ வலது கைக்காரர்களுக்கானவை. பையன் என்ன செய்தான் தெரியுமா? உறையை இடது கையிலேயே மாட்டிப் பந்தைப் பிடித்தான். பிடித்த மறுகணமே உறையை உதறிக் கழற்றி, அதே கையால் பந்தை வீசினான்! எத்தனை வேகம் வேண்டும், பாருங்கள்.

ஒரு நாள், பந்து வீசிய பையன் அடி மேல் அடி வாங்கினான். ரூத் கேலியாகச் சிரித்தான். பிரதர் கோபிக்கவில்லை; அவனையே வீசச் சொன்னார். அன்று முதல் அவன் பந்து வீச்சாளன் ஆனான்.

1914-ல் பால்டிமோர் குழுவின் சொந்தக்காரர் ஜாக் டன், சட்டப்படி கார்டியனாகி அவனை அழைத்துப் போனார். டன்னின் குழந்தை என்று மற்றவர்கள் கேலி செய்ய, பேப் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டு பாஸ்டன் குழு அவரை வாங்கியது. 1919 முடிவில் நியூயார்க் குழு 1 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 1927-ல் மட்டும் 60 ஹோம் ரன். 1935-ல் ஓய்வு பெற்றபோது கணக்கு 714. அந்தச் சாதனை 1974 வரை நின்றது.

பணம் அவர் கையில் தங்காது. ஆனால் பழசை மறக்கவில்லை. 1919-ல் பள்ளி தீப்பிடித்தது. மறு ஆண்டு, பள்ளியின் வாத்தியக் குழுவை ஊர் ஊராகக் கூட்டிப்போய் நிதி திரட்ட உதவினார். பிரதருக்குக் கார் வாங்கிக் கொடுத்தார்.

1948 ஆகஸ்ட் 16-ந் தேதி ரூத் இறந்தார். வேலிக்கு அப்பால் பந்தை அனுப்பிவிட்டு, பாதங்களை உள்ளே திருப்பிக் குட்டிக் குட்டி அடியாக அவர் ஓடுவதைப் பார்த்து அமெரிக்கா முழுவதும் சிரித்து மகிழ்ந்தது. அது பிரதர் மத்தையாஸின் நடை.