மறைபொருளைப் பொதுவில் வைத்த ஆலத்தூர் யோகி

திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி, குருவிடம் இரகசியமாகப் பெற்ற மந்திரப் பொருளை அனைவரும் அறியச் செய்த இராமானுஜரைத் தமிழுலகம் நன்கறியும். பல நூற்றாண்டுகளுக்குப் பின், பாலக்காட்டுப் பகுதியில் அதே வினா மீண்டும் எழுந்தது. ஆன்ம வித்தை ஒரு சிலருக்கே உரிய மறைபொருளா? அதற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் பிரம்மானந்த சுவாமி சிவயோகி.

1852-ஆம் ஆண்டு கொல்லங்கோட்டை அடுத்த வல்லங்கியில் அவர் பிறந்தார். காராட்டு கோவிந்த மேனன் என்பது அவரது முந்தைய பெயர். வடமொழியில் புலமை பெற்று ஆலத்தூரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். பிரம்ம சமாஜத்தின் கருத்துகளும் அவரைக் கவர்ந்தன.

யோக சாதனை குருவின் வாய்மொழியாகவே சீடனைச் சேரவேண்டும் என்பது பண்டைய மரபு. பக்குவமற்றவர் கையில் வித்தை கெட்டுவிடும் என்ற அக்கறையே அதன் காரணம். ஆனால் காலப்போக்கில், மனப்பக்குவத்தைக் குறித்த தகுதி என்னும் சொல் பிறப்பைக் குறிப்பதாயிற்று. தாகமுடைய பலர் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

சிவயோகி அந்த வாயிலைத் திறந்தார். 1893-இல் 'சிவயோக ரகசியம்' என்னும் நூலை வெளியிட்டார். மறைத்து வைக்கப்பட்டது இவ்வாறு அச்சேறிப் பொதுவாயிற்று. 1899-இல் பெண்கல்வியை வலியுறுத்தி 'ஸ்திரீ வித்யா போஷிணி'யையும், 1905-இல் 'மோட்ச பிரதீப'த்தையும் இயற்றினார். மனத்தின் அமைதியே சொர்க்கம், அதன் கலக்கமே நரகம், மனத்தை அடக்க ராஜயோகமே வழி என்பது அவரது உபதேசத்தின் சாரம். ஆலத்தூரில் சித்தாசிரமத்தை நிறுவினார். 1918-இல் ஆனந்த மகாசபையைத் தோற்றுவித்தார். அதில் சாதிக்கு இடமில்லை.

உருவ வழிபாட்டை அவர் அறவே மறுத்தார். அதனால் எதிர்ப்பும் எழுந்தது. பக்தி மார்க்கத்தினர் இன்றும் அதில் மாறுபடலாம். அவரிடம் தீட்சையும் பெயரும் பெற்ற வாக்படானந்தரே பின்னர்ச் சில கருத்துகளில் வேறுபட்டார். ஆயினும் 1917-இல் தாம் தொடங்கிய அமைப்புக்கு ஆத்ம வித்யா சங்கம் என்றே வாக்படானந்தர் பெயரிட்டார். ஆன்ம வித்தை பொதுவுடைமை என்ற குருவின் கொள்கை சீடரிடமும் நிலைத்து நின்றது.

1929-இல் சிவயோகி மறைந்தார். நூலும் உபதேசமும் எவருக்கும் மறுக்கப்படலாகாது என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது. உபதேசம் அனைவருக்கும் பொதுவான பின்னும் மறைவாக எஞ்சுவது ஒன்றே, அதுவே அனுபவம். அதைப் பிறர் மறைக்கவும் இயலாது, கொடுக்கவும் இயலாது. அவரவர் சாதனையால்தான் அது கைகூடும்.